எங்கள் வீட்டுச் சட்டியில் தொண்ணூற்றிரண்டு

கொழிஞ்சாம்பாறை வழி
ஆனி 8, சனிக்கிழமை
22-6-1974

அன்புள்ள தம்பி சென்னிமலைக்கு, அக்காள் கருப்பாத்தாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் மச்சான், நீ படிக்க என்னிடம் விட்டிருக்கிற உன் மகள் மருதாத்தாள், இரண்டு எருமைகள் எல்லோரும் சுகம். இதில் அதிகச் சுகம் எருமைகளுக்கு. அங்கே நீயும் உன் பெண்சாதி சாந்தம்மாளும், மாட்டுப்பட்டிப் பண்ணையில் நீ தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுகிற சீமைப் பசுக்களும் சுகமாக இருக்க வேண்டும். சொந்த அக்காளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கார்டு போடுகிறவன், பசு தும்மினால் மூன்று பக்கம் ரிப்போர்ட் எழுதுகிறாயாம். சாந்தம்மாள் எழுதியிருந்தாள். நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே.

மருதா படிக்கிறாளா, மண்ணில் புரள்கிறாளா என்று கேட்டிருந்தாய். இந்த வருடம் இரண்டும் ஒன்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இளம் உழவர் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் ஆறுமுகசாமிதான் பொறுப்பு. அவருக்கு விவசாயத்தில் என்ன தெரியும் என்று கேட்காதே. கத்தரிச் செடிக்கும் சுண்டைச் செடிக்கும் வித்தியாசத்தைக் காய்த்த பிறகுதான் சொல்வார். ஆனால் எதையும் எண்ணாமல் விடமாட்டார். பிள்ளைகளும் எண்ணுகிறார்கள். ஒரு சதுர அடி மண்ணைத் தோண்டி மண்புழு எத்தனை என்று எண்ணுகிறார்கள். தகர டப்பாவை வேலிக்கல் மேல் வைத்து மழையை அளக்கிறார்கள். பருத்திக் காட்டில் இலை இலையாகத் திருப்பிப் புழு பிடித்துப் பாட்டிலில் அடைத்து, அது எதைத் தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று நோட்டில் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டில் என் எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டில். போன வாரம் உன் மச்சான் கம்பஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைத் திறந்துவிட்டு, "ஏம்புள்ள, ஊறுகா நகுருது" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சுகளில் அதுவும் ஒன்று.

மருதாதான் மன்றத்துக்குச் செயலாளர். ப்ளாக் ஆபீசிலிருந்து மத்தியாஸ் என்று ஒரு விவசாய அதிகாரி ஜீப்பில் வருகிறார். அவர் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பள்ளிக்கு ஒரு பிள்ளையாகத் தேர்ந்தெடுத்து, பத்தாவது முடிந்ததும் பாலக்காட்டில் ஒரு வருடம் தங்கவைத்து விவசாயம் சொல்லிக்கொடுப்பார்களாம். சாப்பாடு, துணி எல்லாம் சர்க்கார் செலவு. முடித்தவர்களுக்கு ப்ளாக்கிலேயே வேலைக்கும் வழி உண்டாம். அன்றிலிருந்து உன் மகளுக்கு வேறு பேச்சில்லை. "ஏனுங்கத்தை, பொம்பளப் புள்ளைகளும் போலாம்னு அவரே சொன்னாருங்க" என்று நான் கேட்காமலே நாலு தடவை சொல்லிவிட்டாள். தூக்கத்தில்கூட உரமூட்டை எண்ணுகிறாள்.

இப்போது உன்னிடம் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கரில் பிள்ளைகள் கடலைக்காய் போடப் போகிறார்கள். எந்த வீட்டு விதை நல்ல விதை என்று பார்க்க, பன்னிரண்டு வீட்டிலிருந்து நூறு நூறு பருப்பு வாங்கி, பன்னிரண்டு மண்சட்டியில் மணல் நிரப்பி ஊன்றி, வராந்தாவில் வரிசையாக வைத்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு சட்டியிலும் சுண்ணாம்பால் வீட்டுப் பெயரையும் எழுதிவிட்டார்கள். தாசில்தார் ஆபீஸ் வாசலில் மனுவோடு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பன்னிரண்டு வீடும் உட்கார்ந்திருக்கிறது. ஊரே போய்ப் பார்க்கிறது. நானும் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் போய்ப் பார்த்தேன்.

எட்டாம் நாள் கீழத்தெரு பழனாத்தாள் வீட்டுச் சட்டியில் எண்பத்தெட்டு முளை. நம் வீட்டுச் சட்டியில் இருபத்தேழு.

குற்றம் என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். விதைக்கடலையைத் தோட்டோடு வைத்திருந்து, விதைக்கிற வாரத்தில்தான் உடைக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ஆனால் மாசி மாதம் ஒரு மத்தியானம் நாலு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேலத்தெருவில் ஒரு கல்யாணம் நின்றுபோன சமயம். அந்தக் கதையைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்க முடியுமா? இரண்டு மூட்டையைக் கொட்டி, ஓடு சீக்கிரம் உடையட்டும் என்று தண்ணீரும் தெளித்து, கதை முடிவதற்குள் உரித்துத் தள்ளிவிட்டோம். நல்ல கதை. விதைதான் போய்விட்டது.

நம் மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி வளர்க்கிறவள் நான்தான் என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருடமாக ஒரு சட்டிகூடத் தவறியதில்லை என்று ஊர் சொல்கிறது. எப்படித் தவறும்? முளைக்காத சட்டி அபசகுனம். சாமி சட்டி சொட்டையாகப் போனால் ஊர் தாங்குமா? அதனால் சமையல்கட்டில் இரண்டு சட்டி கூடுதலாக வளர்த்து வைத்திருப்பேன். எங்கே இடைவெளியோ அங்கே பிடுங்கி நடுவேன். சாமியும் கண்டுகொண்டதில்லை.

அதேதான் இப்போதும் செய்தேன். நாலாம் நாள் நம் சட்டியின் லட்சணத்தைப் பார்த்ததும் பழனாத்தாளிடம் அரைப்படி கடலை வாங்கினேன். பலகாரத்துக்கு என்றேன். "பலகாரத்துக்கு வெதக்கடலைதான் வேணுமாக்கும்?" என்றாள், வாயைக் கோணிக்கொண்டு. ஈரச் சாக்கில் சுருட்டி முளைகட்டினேன். எட்டாம் நாள் பிள்ளைகள் எண்ணி எழுதிய பிறகு, மத்தியான உப்புமாவுக்கு மணி அடித்து எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், வராந்தாவில் குந்தி அறுபத்தைந்து செத்த பருப்பை எடுத்துவிட்டு அறுபத்தைந்து முளையை ஊன்றினேன். மீதி எட்டை அப்படியே விட்டேன். நூற்றுக்கு நூறு என்றால் யார் நம்புவார்கள்?

தொண்ணூற்றிரண்டு! ஊரிலேயே முதலிடம். பழனாத்தாள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அரை ஏக்கருக்கும் நம் வீட்டு விதையையே கேட்டார்கள். மருதா தலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு போனாள். நம் காட்டில் இந்த வருடம் பருத்தி, அதனால் முழுவதையும் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட மணலில் என்ன சத்து இருக்கிறது? கரிசலில் விழுந்தால் அதே விதை எழுந்து நிற்கும். மழை பார்த்துக்கொள்ளும். நீ கவலைப்படாதே.

உன் மகளைப் பற்றியும் கவலைப்படாதே. அவள் என் வீட்டில் இருக்கிறாள்.

இப்படிக்கு
அன்பு அக்காள்
கருப்பாத்தாள்

---

கொழிஞ்சாம்பாறை வழி
ஆடி 5, ஞாயிறு
21-7-1974

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. அனைவரும் நலம். நலம் என்று எழுதத்தான் வேண்டும், அதனால் எழுதினேன்.

மழை நன்றாகப் பெய்தது. மழைமேல் குற்றம் சொல்ல வழியில்லை. சொல்லிப் பார்த்தேன், மருதா டப்பாவில் அளந்து எழுதிவைத்த கணக்கைக் காட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக் கடலைக்காடு நம் பெரியப்பன் தலை மாதிரி இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் பளபளப்பு. பிள்ளைகள் நாலு நாள் லீவில்லாமல் ஏருக்குப் பின்னால் சால் சாலாக நடந்து போட்ட விதை. ஆளுக்கு ஒரு சால் என்று குச்சி நட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். பத்தாம் நாள் ஒவ்வொன்றும் தன் சாலின் முன்னால் குந்தி மண்ணைக் கிளறிப் பார்த்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு பிள்ளை அழுகிப்போன பருப்பை எடுத்து, துடைத்து, திரும்பவும் ஊன்றியது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டேன். எருமை அப்போதுதான் குடித்திருந்தது.

ஆறுமுகசாமி வாத்தியார் எதையும் எண்ணுவார் என்று சொன்னேன் அல்லவா? மருதாவின் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏழாம் நாள் இருபத்தைந்து. எட்டாம் நாள் இருபத்தேழு. ஒன்பதாம் நாள் தொண்ணூற்றிரண்டு. வேறு எந்தச் சட்டியிலும் இப்படி இல்லை. "ஏம்மா, ஒரே ராத்திரியில அறுவத்தஞ்சு மொளைச்சுதா? அதுவும் உங்க ஊட்டுச் சட்டியில மட்டும்?" என்று வகுப்பிலேயே கேட்டாராம். இவள், "எண்ணுனத எண்ணுனபடி எழுதியிருக்கறனுங்க சார்" என்றாளாம். அத்தை வீட்டுப் பெருமைக்காகப் பொய்க் கணக்கு எழுதிவிட்டாள் என்று முடிவு கட்டி, செயலாளர் வேலையைப் பிடுங்கிவிட்டார். பயிற்சிக்குப் பெயர் அனுப்பவும் யோசிக்க வேண்டும் என்றிருக்கிறார். பிள்ளைகள் அவளை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய் தொண்ணூத்திரண்டு, தண்ணி கொண்டா" என்கிறார்களாம். எனக்கு இதையெல்லாம் சொன்னது அவள் இல்லை. வாத்தியார் பெண்சாதி கிணற்றடியில் சொன்னாள். நான் இல்லாத கதை என்று நினைத்துக்கொண்டு என்னிடமே விரிவாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மருதா எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே, "ஏனுங்கத்தை, நம்ம சட்டியில மட்டும் எப்புடிங்க ஒரே நாள்ல மொளைச்சுது?" என்றாள்.

"மாரியாத்தா கண் தொறந்திருப்பா" என்றேன்.

"மத்த பதினோரு சட்டியையும் ஏனுங்க பாக்காம போனா?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

அவள், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த மூட்டையின் அடியில் மிஞ்சியிருந்த பருப்பில் நூறு எண்ணி எடுத்து, பின்கட்டில் ஒரு சட்டியில் ஊன்றினாள். தினமும் பார்த்தாள், தினமும் எழுதினாள். பத்தாம் நாள் அந்தச் சட்டியைக் கொண்டுவந்து, நான் தண்ணீர் மொள்ளுகிற பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். இருபத்தொன்பது முளை. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

ஆக, அவளுக்குத் தெரிந்துவிட்டது தம்பி. அவள் என்னை வாத்தியாரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி, அழுது, சமாதானமாகியிருப்பேன். இது எனக்குப் பழக்கமில்லாத அடி.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, காட்டில் சொட்டையாக இருக்கிற இடத்திலெல்லாம் தட்டைப்பயறு ஊன்றுகிறாள். செயலாளர் இல்லாவிட்டால் என்ன, மண்வெட்டியை யாரும் பிடுங்கவில்லையாம்.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மத்தியாஸ் சார் வந்து அன்றுதான் பயிற்சிக்குப் போகிற பிள்ளையின் பெயரைச் சொல்லப் போகிறார். அதற்குள் நான் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை வாத்தியார் வீடு வரை போனேன். முதல் தடவை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை சும்மாதான் உட்கார்ந்திருந்தார், அதனால் திரும்பிவிட்டேன். இதைச் சொன்னால் முளைப்பாரிக் கதையும் சேர்ந்து அவிழ்ந்துவிடும். பதினோரு வருடம் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள் கீழே போடுகிறபோது மெதுவாகவா போடுவார்கள்?

சொல்லு என்றால் ஒரு கார்டு போடு. வேண்டாம் என்றால் கார்டே போடாதே, எனக்கும் வசதி.

உன் மச்சான் கேட்டதாக எழுதச் சொன்னார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

இப்படிக்கு
அக்காள்
கருப்பாத்தாள்

---

கொழிஞ்சாம்பாறை வழி
ஆவணி 2, ஞாயிறு
18-8-1974

என் உடன்பிறந்த சென்னிமலைக்கும், சாந்தம்மாளுக்கும், தீர்க்காயுசும் நிறைந்த மனசும் உண்டாகட்டும்.

உன் கார்டு கிடைத்தது. சொல்லு என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. "கெட்ட பேரோடு படித்தது போதும். காந்தலூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற வீட்டில் பெண் கேட்கிறார்கள். ஆவணிக் கடைசியில் வந்து மருதாவை அழைத்துக்கொண்டு போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். ஏழு வரி. என்னைத் திட்டி ஒரு வரிகூட இல்லை. அப்பனும் மகளும் ஒரே அச்சு.

கார்டை மருதாதான் தபால்காரரிடம் வாங்கினாள். கார்டுக்கு உறை ஏது? படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். "அப்பா வரட்டுங்கத்தை" என்றாள். அன்றைக்கும் போய்த் தட்டைப்பயற்றுக்குக் களை எடுத்தாள். அரைப் பரீட்சைக்கு முன்னால் ஊரை விட்டுப் போகப் போகிறவள் எதற்குக் களை எடுக்க வேண்டும்? அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. செய்தது நான், சொல்லாமல் இருந்தது நான், சீர் வரிசையோடு தண்டனை வாங்கப் போகிறவள் அவள்.

பதினைந்தாம் தேதி நடந்ததைக் கேள். கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். ஊர் பாதி வந்திருந்தது. மத்தியாஸ் சார் எழுந்து, இந்தப் பள்ளியிலிருந்து யார் பெயர் என்று கேட்டார். ஆறுமுகசாமி வாத்தியார் எழுந்து, இந்த வருடம் பெயர் கொடுப்பதற்கில்லை, பதிவு நோட்டில் பிழை இருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றார். மருதா பின்வரிசையில் மிட்டாயைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். கம்பீரமாகத்தான் எழுந்தேன். புடவைத் தலைப்பு பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டு, பெஞ்சும் கூட எழுந்தது. அதில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுந்தார்கள். அதனால் சபையில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், இனி உட்கார வழியில்லை.

"நோட்டுல தப்பு ஒண்ணுமில்லீங்க. தப்பு சட்டியில. அத நாந்தானுங்க பண்ணுனேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியுமே, நான் ஒரு கதை ஆரம்பித்தால் முழுவதையும் சொல்லாமல் விடுவேனா? தண்ணீர் தெளித்து உரித்தது, நின்றுபோன கல்யாணம், ஈரச் சாக்கு, உப்புமா மணி, அறுபத்தைந்து முளை, எட்டை விட்டுவைத்த சாமர்த்தியம் எல்லாம் சொன்னேன். கல்யாணக் கதையைச் சொல்லியிருக்க வேண்டாம், அந்த வீட்டார் எதிரிலேயே இருந்தார்கள். பழனாத்தாள் எழுந்து நின்று, "அப்பொ ஊர்லயே மொதலா வந்தது எங்கூட்டுக் கடலையா!" என்று கேட்டாள். என்மேல் கோபப்பட வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள். "முளைப்பாரியிலும் இப்படித்தானா?" என்று யாரோ கேட்டார்கள். பதினோரு வருடமாக இப்படித்தான் என்றேன். அங்கே எழுந்த சத்தத்தில் கொடிக்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்துபோனது.

மத்தியாஸ் சார் சிரிக்கவில்லை. அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்பதாம் நாள் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, உரக்கப் படித்தார். தொண்ணூற்றிரண்டு என்று எழுதியதற்குக் கீழே சின்ன எழுத்தில் பென்சிலால் இவள் எழுதியிருக்கிறாள்: "ஒரே நாளில் 65 கூடுதல். காரணம் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சட்டி. மறுபடி செய்து பார்க்க வேண்டும்." தேதியும் போட்டிருக்கிறாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பழனாத்தாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே நாள். அதே நாள் அவள் சந்தேகத்தை எழுதி வைத்துவிட்டாள். வாத்தியார் எண்களை மட்டும் பார்த்தார், பென்சில் எழுத்தைப் பார்க்கவில்லை.

"மறுபடி செய்தாயா?" என்று மத்தியாஸ் சார் அவளைக் கேட்டார். பின்கட்டுச் சட்டியின் கணக்கைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இருபத்தொன்பது. பிறகு எல்லோரும் காட்டுக்குப் போனோம். கடலை இருக்கிற இடத்தில் கடலை, இல்லாத இடத்தில் தட்டைப்பயறு, முழங்காலுக்குக் கொடி வீசிக்கொண்டு நிற்கிறது. வழுக்கை தெரியவே இல்லை. மத்தியாஸ் சார் குனிந்து ஒரு கொடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நம் தமிழும் அவர் மலையாளமுமாகச் சொன்னார்: நல்ல விதை கிடைத்தால் யாரும் நல்ல விளைச்சல் எடுப்பார்கள், தன் வீட்டுச் சட்டியைச் சந்தேகப்பட்டு எழுதுகிற பிள்ளை எனக்கு இந்த மூன்று வருடத்தில் கிடைக்கவில்லை என்று. மருதாவின் பெயரைத் தன் கையால் எழுதிக்கொண்டார்.

ஆறுமுகசாமி வாத்தியாரைப் பற்றி நான் இதுவரை எழுதிய கேலியில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "என் கணக்குத் தப்பும்மா" என்றார். கணக்கு வாத்தியார் வாயில் அது சுலபமாக வருகிற வார்த்தையா? அன்றைக்கே செயலாளர் வேலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் கதி என்ன என்று கேட்பாய். இரண்டு நாள் கிணற்றடியில் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பழனாத்தாள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, "கருப்பாத்தக்கா, உங்களுக்கு முன்னால நாலு வருசம் முளைப்பாரி வளத்துனது நானு. சமையக்கட்டுல மூணு சட்டி வெச்சிருந்தேன்" என்றாள். அவள் மாமியார் சொல்லிக்கொடுத்ததாம். அவள் போன பிறகு இன்னொருத்தி வந்தாள், அவள் இரண்டு வருடம், ஐந்து சட்டி. எல்லோரும் என்னைத் திட்டினார்கள், நடுச்சபையில் ஏன் சொன்னாய் என்று. நான் பதினோரு வருடம் இரண்டே சட்டியில் சமாளித்தேன் என்பது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. இதை மட்டும் மருதாவிடம் சொல்லிவிடாதே.

அவளும் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் நோட்டும் பென்சிலுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அத்தை, பழனாத்தக்கா கடலைய எத்தன மணி நேரமுங்க ஊற வெச்சீங்க? சாக்குல எத்தன நாளுங்க? அறுவத்தஞ்சு ஊனுனதுல எத்தன பட்டுப்போச்சு?" என்றாள். ஒன்றுகூடப் படவில்லை என்றேன். நம்பாமல் பார்த்தாள். சத்தியம் பண்ணினேன். எழுதிக்கொண்டாள். "பிடுங்கி நட்டாலும் பொழைக்குதுன்னா, சொட்டை விழுந்த காட்டுக்கு அடுத்த வருசம் இப்புடியே செய்யலாமுங்க" என்றாள். என் திருட்டை ஒரு பக்கத்துக்குப் பாடமாக எழுதிவிட்டாள் தம்பி. கீழே "சொன்னவர்: கருப்பாத்தாள்" என்று என் பெயரையும் போட்டிருக்கிறாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எட்டாவது படித்து நின்றபோது என் பெயரைக் கடைசியாக ஒரு நோட்டில் பார்த்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மலையாளத்தில் அச்சடித்தது. பயிற்சிக்கு அனுப்ப அப்பனுக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது. கீழே வாத்தியார் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். ஆவணி இருபதுக்குள் ப்ளாக் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். உன் மச்சானைப் போடச் சொன்னேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பங்காரன் இருக்கறப்ப நானெதுக்கு" என்றார். பிறகு அவரே சைக்கிளில் கொழிஞ்சாம்பாறை போய், இந்தத் தாள் மடங்காமல் போகிற அளவுக்குப் பெரிய உறை வாங்கிக்கொண்டு வந்தார்.

காந்தலூர் வீட்டாருக்கு நானே எழுதுகிறேன். நல்ல மனிதர்கள் என்றால் பயிற்சி முடிகிற வரை பொறுப்பார்கள். பூண்டு போடுகிற வீட்டுக்கு மண்ணையும் விதையையும் படித்த பெண் கசக்குமா? பொறுக்க மாட்டோம் என்றால் அப்படிப்பட்ட இடத்துக்கு நம் பெண் எதற்கு? பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரித்தால் அவளுக்குக் கெட்ட பெயர் ஒன்றும் இல்லை. இருந்த கெட்ட பெயரை நான் வாங்கிக்கொண்டேன், எனக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவள் பாலக்காடு போய்விட்டால் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. அதை ஒரு காரணமாக நினைத்து அவளைப் பிடித்து வைக்க மாட்டேன். நீயும் உன் மனசில் இருப்பதைக் காரணமாக வைத்து அவளைப் பிடித்து இழுக்காதே. மகளை நம்பி என்னிடம் விட்டாய், நான் இப்படிச் செய்தேன். உனக்கு என்மேல் இருக்கிற கோபம் எனக்குத் தெரிகிறது. அதற்கு நான் தகுதிதான். அதையெல்லாம் எனக்குத் தனிக் கடிதமாக எழுது. பக்கம் பக்கமாக எழுது. சின்ன வயதில் நான் உன்னை ஏமாற்றியதெல்லாம்கூடச் சேர்த்து எழுது, ஒன்றுக்கும் பதில் பேசமாட்டேன். அந்தத் தாளில் மட்டும், அய்யா, உன் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதிவிடாதே.

உன் கையும் உன் குடும்பமும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தபாலை எதிர்பார்த்திருக்கும்
அக்காள்
கருப்பாத்தாள்